ஏசி பைப்பும் ஹைப்பர்லூப் குழாயும்

பதினெட்டு வருசமா மதுரையில் ஏசி வேலை பார்க்கிறேன். போன வாரம் அண்ணாநகரில் ஒரு மொட்டைமாடியில், ஏசி பைப்புக்குள்ள இருக்கிற காற்றை உறிஞ்சுற வேக்கம் பம்பை ஓடவிட்டுக் காத்திருந்தப்போ, கூட வேலை பார்க்கிற தம்பி செல்லில் ஒரு வீடியோ காட்டினான். சென்னை ஐஐடி பிள்ளைகள் சென்னைக்குப் பக்கத்துல தையூரில் போட்டிருக்கிற 422 மீட்டர் ஹைப்பர்லூப் சோதனைக் குழாய். காற்றை உறிஞ்சின குழாய்க்குள்ள வண்டியை மிதக்கவிட்டு ஓட்டுறதுதான் ஹைப்பர்லூப். "அண்ணே, மெட்ராசுக்கு அரை மணி நேரத்துல போயிரலாமாம்ல!"

எனக்கும் ஆசைதான். காற்றை உறிஞ்சிட்டா வண்டியைத் தடுக்க எதுவும் இல்லை, காந்தத்தில் மிதக்கவிட்டா உரசலும் இல்லை. கணக்கில் தப்பே கிடையாது. ஈலான் மஸ்க் 2013-ல் வெளியிட்ட திட்டத்தில் வேகம் மணிக்கு சுமார் 1,200 கி.மீ., குழாய்க்குள் அழுத்தம் 100 பாஸ்கல். வெளிக்காற்று அழுத்தத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குதான். எங்க தொழில் பாஷையில் அது 750 மைக்ரான்; எண் குறையக் குறைய உள்ளே காற்று கம்மின்னு அர்த்தம். ஏசி பைப்பில் நாங்க 500 வரைக்கும் இறக்குறோம். அதனால இந்த வெற்றிடம் ஏதோ விண்வெளிச் சமாச்சாரம்னு நான் மலைக்கலை. என் பம்புக்கே தெரிஞ்ச வேலை.

ஆனா என் பம்பு பார்த்தது நாலு மீட்டர் காப்பர் பைப். அன்னைக்குப் பம்பை நிறுத்தி வால்வை அடைச்சதுமே மீட்டர் ஏற ஆரம்பிச்சது. 500, 900, 1,400. நட்டை இறுக்கினோம், நைட்ரஜன் ஏத்தி சோப்பு நுரை தடவினோம். நட்டுக்குள்ள உட்காருற பைப்போட விரிஞ்ச வாய், அதாவது ஃப்ளேர், அதோட விளிம்பில் தலைமுடி கனத்துக்கு ஒரு கீறல். விரலால் தடவினாக்கூடத் தெரியாது. அதைக் கண்டுபிடிக்க ஒரு மத்தியானமே போச்சு.

மதுரைக்கும் சென்னைக்கும் ரயில் பாதை கிட்டத்தட்ட 490 கி.மீ. அவ்வளவு நீளத்துக்கு வெல்டிங். சுத்தி நிக்கிற காற்று சதுர மீட்டருக்கு 10 டன் பாரமா அழுத்திக்கிட்டே இருக்கும். வெயில் வேற. 30 டிகிரி சூடு ஏறினா ஒரு கிலோமீட்டர் இரும்புக் குழாய் 36 செ.மீ. நீளும், மொத்தத்துக்கும் 170 மீட்டருக்கு மேல வருது. அப்ப ஜாயிண்ட் நகர்ந்து கொடுக்கணும், காற்றையும் உள்ளே விடக்கூடாது. பைப் வேலை பார்க்கிறவனுக்குத்தான் இது எவ்வளவு பெரிய வேலைன்னு புரியும்.

கூட்டத்தையும் பார்க்கணும். அந்தத் திட்டப்படி ஒரு கூண்டில் 28 பேர், இரண்டு நிமிசத்துக்கு ஒண்ணு, மணிக்கு 840 பேர். நம்ம ரயிலில் இரண்டாம் வகுப்பு உட்காரும் பெட்டி ஒன்றில் 108 சீட். எட்டுப் பெட்டி மாட்டினா அந்த ஒரு மணி நேரக் கூட்டம் மொத்தமும் ஒரே ரயிலில் ஏறிரும்.

ஹைப்பர்லூப் ஒன் கம்பெனி 2020 நவம்பரில் நெவாடாவில் 500 மீட்டர் குழாயில் இரண்டு பேரை உட்கார வச்சு 172 கி.மீ. வேகம் காட்டினாங்க. மும்பை–புனேவுக்கும் அவங்கதான் திட்டம் பேசினது. 2023 கடைசியில் கம்பெனியை மூடிட்டாங்க. ஜப்பான்காரங்க 2015-லேயே வெற்றிடக் குழாயே இல்லாம, சாதாரணக் காற்றிலேயே காந்த ரயிலை 603 கி.மீ. வேகத்தில் ஓட்டிட்டாங்க.

தையூர் பிள்ளைகளுக்கு எவ்வளவு பணம் வேணுமோ கொடுக்கணும். அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. "இனிமே எதுக்கு ரெட்டைத் தண்டவாளம், அதான் குழாய் வரப்போகுதே"ன்னு பேசுறாங்க பாருங்க, அதுதான் தாங்க முடியலை. நான் போடிக்காரன். அகலப்பாதை போடப்போறோம்னு எங்க ரயிலை 2010 கடைசியில் நிறுத்தினாங்க. மதுரையிலிருந்து 90 கி.மீ.தான். திரும்ப வந்தது 2023 ஜூனில். அந்தப் பன்னிரண்டரை வருசமும் முட்டிவலியோட எங்கம்மா ஆண்டிபட்டிக் கணவாயில் பஸ்ஸில் குலுங்கித்தான் மதுரைக்கு வந்து போனாங்க. இப்ப ஜன்னலோரமா உட்கார்ந்து, தூக்குவாளியில் எனக்குக் குழம்பு கொண்டு வர்றாங்க.

தம்பிகிட்ட சொல்லியிருக்கேன், ஒரு நாள் தையூர் போவோம்னு. உள்ளே விட்டா வண்டியை அப்புறம் பார்த்துக்கலாம். முதல்ல அந்த ஜாயிண்ட்டைத் தொட்டுப் பார்க்கணும். பம்பை நிறுத்தினா மீட்டர் எத்தனை நிமிசம் அசையாம நிக்குதுன்னு கேட்கணும்.