நெருஞ்சிப் பொடி டப்பாவோடு வந்த தம்பி

கும்பகோணத்தில் ரத்தப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் பதினெட்டு வருடமாக வேலை பார்க்கிறேன். போன வாரம் மாலை ஐந்து மணிக்கு ஒரு தம்பி வந்தார். ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் பார்க்க வேண்டுமாம். கையில் நெருஞ்சி முள் பொடி டப்பா. "ஆறு மாதமாகச் சாப்பிடுகிறேன். ஏறியிருக்கிறதா பாருங்கள் அண்ணே" என்றார். எதிலிருந்து ஏறியிருக்கிறது என்று கேட்டேன். முன்பு ஒருமுறைகூட அவர் பார்த்ததே இல்லை.

காலையில் வெறும் வயிற்றோடு வரச் சொன்னேன். அந்த ஹார்மோன் காலையில் உச்சத்தில் இருக்கும், மாலையில் இறங்கிவிடும். குறைவாக வந்தால் இன்னொரு நாள் காலையிலும் எடுத்துத்தான் உறுதி செய்ய வேண்டும்.

நெருஞ்சி மேல் எனக்குப் பகை இல்லை. ஜூன் 12க்கு மேட்டூர் திறப்பதற்கு முன், வாய்க்கால் காய்ந்து கிடக்கும் நாளில் எங்கள் வரப்பில் மஞ்சளாய்ப் பூத்துக் கிடக்கும். நீர்க்கடுப்பு என்றால் அப்பாயி அதைத்தான் கஷாயம் வைப்பார். அந்த வேலைக்கு அதன் பேர் பழையது. டெஸ்டோஸ்டிரோன் ஏறும் என்ற பேச்சு பிந்தி வந்தது. பல்கேரியாவில் இந்தச் செடியிலிருந்து மாத்திரை செய்தார்கள். பளுதூக்கும் வீரர்கள் பேரைச் சொல்லி அது உலகம் முழுக்க விற்றது. அதே பல்கேரியாவில் 21 இளைஞர்களுக்கு நான்கு வாரம் கொடுத்துப் பார்த்து 2005இல் முடிவை வெளியிட்டார்கள். டெஸ்டோஸ்டிரோனும் ஏறவில்லை, அதைச் சுரக்கத் தூண்டும் எல்.எச். என்ற ஹார்மோனும் ஏறவில்லை.

எல்.எச். ஏறாதது முக்கியம். டெல்டாக்காரனுக்குச் சொல்வதென்றால், தலைமதகு மூளையில் இருக்கிறது, விரை கடைமடை. மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி எல்.எச். அனுப்பினால்தான் அங்கே டெஸ்டோஸ்டிரோன் சுரக்கும். ஜிம்மில் ஊசியாகவே அதைப் போட்டுக்கொள்பவர்களுக்கு நடப்பது இன்னும் மோசம். தண்ணீர் போதும் என்று நினைத்து மூளை மதகை அடைத்துவிடும், விந்தணு குறைந்துபோகும்.

நாட்டு மருந்துக் கடையில் யானை நெருஞ்சிலும் கிடைக்கும். அது வேறு செடி. அதன் பச்சை இலையைத் தண்ணீரில் போட்டு ஆட்டினால் தண்ணீர் கொழகொழவென்று ஆகிவிடும். அதைப் பார்த்துத்தான் பாதிப் பேருக்கு நம்பிக்கை வருகிறது என்பது என் சந்தேகம். ஆண்மை பெருகும் என்று மருந்து விளம்பரம் செய்வதை 1954லேயே சட்டம் போட்டுத் தடுத்தார்கள். சட்டமும் இருக்கிறது, சுவரொட்டியும் இருக்கிறது.

எனக்கு ஆத்திரம் வேறு இடத்தில். தம்பிக்குக் கல்யாணமாகி இரண்டு வருடம், இன்னும் குழந்தை இல்லை. மனைவிக்கு ஸ்கேன், தைராய்டு, கருக்குழாயில் மருந்து செலுத்தி எடுக்கும் எக்ஸ்ரே எல்லாம் முடிந்துவிட்டன. அந்த எக்ஸ்ரேயில் பலர் வலி தாங்காமல் அழுவார்கள். இவருக்கு நடந்தது பொடி மட்டும். விந்துப் பரிசோதனைக்கு ஊசியும் இல்லை, வலியும் இல்லை. இரண்டு முதல் ஏழு நாள் விந்து வெளியேற்றாமல் இருந்துவிட்டு வந்து, இங்கே தனி அறையில் மாதிரி எடுத்துக் கொடுத்தால் போதும். ஒரு மில்லிக்கு 1.6 கோடி அணுக்களுக்குக் கீழே போனால் குறைவு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கணக்கு. ஓர் அணு உருவாக ஏறக்குறைய இரண்டரை மாதம் ஆகும். காரணம் புகையிலையா, விரையில் நரம்புச் சுருட்டலா, சர்க்கரையா என்று கண்டுபிடித்து ஆரம்பித்திருந்தால், அந்த ஆறு மாதத்தில் இரண்டு சுற்று புது அணுக்களைப் பார்த்திருக்கலாம்.

இதையெல்லாம் சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டே கேட்டார். படியிறங்கிப் போனவர் திரும்பி வந்து, "அந்த அறைக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கிறதா அண்ணே?" என்றார்.

இருக்கிறது என்றேன்.