பன்னிரண்டு பெண்களும் ஒரு கப்பல் வடமும்

இயக்குநர் கிறிஸ்டோபர் நோலன் கிரேக்கக் காவியமான ஒடிசியைப் படமெடுக்கக் கையில் எடுத்ததிலிருந்து நண்பர்கள் என்னிடம் கேட்பதெல்லாம் ஒற்றைக்கண் அரக்கனைப் பற்றித்தான். எனக்கு அந்தக் கவலை இல்லை. அரக்கனை எப்படியும் காட்டிவிடுவார்கள். ஹோமரின் ஒடிசியைப் படமாக்குகிற எவரையும் நான் அளப்பது ஒரே இடத்தை வைத்துத்தான்: 22-ஆம் காண்டம், அந்தப் பன்னிரண்டு அடிமைப் பெண்கள்.

டிராய் போருக்குப் போய் இருபது ஆண்டு கழித்துத் தன் தீவான இத்தாக்கா திரும்பிய மன்னன் ஒடிசியஸ், தன் மனைவி பெனலோப்பியை மணக்கக் கேட்டு வந்து வீட்டையே தின்று தீர்த்த 108 பேரையும் மகனோடு சேர்ந்து கொல்கிறான். நம்மில் பலருக்குக் கதை அங்கே முடிந்துவிடுகிறது. ஹோமர் முடிக்கவில்லை. வீட்டிலிருந்த 50 பணிப்பெண்களில் 12 பேர் கெட்டுப்போனவர்கள் என்கிறாள் கிழத் தாதி யூரிக்ளியா. பிணங்களை அவர்களையே சுமக்க வைக்கிறார்கள். ரத்தம் தெறித்த மேசைகளை அவர்களையே கழுவ வைக்கிறார்கள். பிறகு வெளியே ஓட்டிப் போகிறார்கள். வாளால் வெட்டு என்பதுதான் அப்பாவின் கட்டளை. இவர்களுக்கு நல்ல சாவு எதற்கு என்று மகன் டெலிமாக்கஸ் கப்பல் வடத்தைக் கட்டி வரிசையாகத் தொங்கவிடுகிறான். கூடு திரும்பும் புறாக்கள் கண்ணியில் மாட்டியது போல என்கிறார் ஹோமர். கால்கள் கொஞ்ச நேரம் துடித்தன, அதிக நேரம் இல்லை. முதல் தடவை அந்த வரிக்கு வந்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

இத்தனைக்கும் அதே காண்டத்தின் தொடக்கத்தில், என் வீட்டுப் பெண்களை வலுக்கட்டாயமாகப் படுக்கைக்கு இழுத்தீர்கள் என்று அந்த ஆண்களைக் குற்றம் சாட்டுபவனும் ஒடிசியஸ்தான். வலுக்கட்டாயம் என்று அவன் வாயாலேயே வந்த பிறகு கயிறு யாருக்கு?

திரைக்கதை எழுதுபவருக்கு இந்த இடத்தைத் தூக்கிவிடத் தோன்றும். நாயகன்மேல் இருக்கும் பாசம் போய்விடுமே என்ற பயம். அதே போரைப் பற்றி 2004-இல் வந்த ‘டிராய்’ படத்தில், டிராய் இளவரசன் ஹெக்டர் கையால் ஹெலனின் கணவன் மெனலாஸைச் சாகடித்தார்கள். ஹோமரிடம் அவன் சாவதில்லை. ஹெலனோடு ஸ்பார்ட்டா திரும்பி, பிற்பாடு டெலிமாக்கஸுக்கு விருந்து வைக்கிறான். கெட்டவன் செத்தாக வேண்டும், நல்லவன்மேல் கறை படக்கூடாது என்ற கணக்கு. அந்தப் படம் பத்தாண்டுப் போரைச் சில வாரங்களாகச் சுருக்கியதைக்கூட மன்னித்துவிடுவேன், இதை முடியாது.

எப்படி எடுப்பது என்பதற்கும் ஹோமரிடமே வழி இருக்கிறது. கீழே இத்தனையும் நடக்கும்போது பெனலோப்பி மாடியில் தூங்குகிறாள். ஏதீனா தேவி தூங்க வைத்திருக்கிறாள். மெலாந்தோ என்ற பணிப்பெண்ணை விளையாட்டுச் சாமான் கொடுத்து மகள் போல வளர்த்தவள் பெனலோப்பி. தூக்கில் தொங்கிய பன்னிரண்டு பேரின் பெயரைக் காவியம் சொல்லவில்லை. ஆனால் மெலாந்தோ அந்த ஆண்களில் ஒருவனோடு பழகினாள் என்பதை நாம் முன்பே வாசித்திருக்கிறோம். ஒடிசியஸ் கந்தகம் புகைத்து வீட்டைச் சுத்தம் செய்கிறான். பெனலோப்பி விழித்துப் படியிறங்கி வருகிறாள். தரை கழுவியிருக்கிறது. கந்தக வாடை. நெருப்பு வெளிச்சத்தில் கணவனுக்கு எதிரே உட்கார்ந்து வெகுநேரம் அவள் பேசவே இல்லை.

அந்த மௌனத்தை நோலன் எவ்வளவு நேரம் ஓடவிடுகிறார் என்பதைத்தான் தியேட்டரில் நான் பார்க்கப்போகிறேன்.