முகாமுக்கு வரும் விருந்தினர் பென்சிலை யாரிடம் கொடுக்கிறார்?

குழந்தைகளுக்கான கார்ட்டூன் கோடை முகாம்களில் சில ஆண்டுகளாக உதவி செய்து வருவதால், விடுமுறை நெருங்கும்போதெல்லாம் அமைப்பாளர்கள் சிலர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்பார்கள்: "இந்த முறை யாரைச் சிறப்பு விருந்தினராக அழைக்கலாம்?" நான்கைந்து பெயர்களை எழுதி அனுப்பிவிட்டால் அவர்கள் வேலையும் முடியும், என் வேலையும் முடியும். ஆனால் வருபவர் யார் என்பதைக் காட்டிலும், அவர் வந்திருக்கும் அந்த ஒன்றரை மணி நேரத்தில் அறைக்குள் யாருடைய கை ஓடுகிறது என்பதே எனக்குப் பெரிதாகப் படுகிறது. அதனால் பதிலைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நான் உதவிய முதல் முகாமில் 24 குழந்தைகள் இருந்தார்கள். எட்டு வயதிலிருந்து பதின்மூன்று வயது வரை எல்லா அளவிலும் இருந்தார்கள். மூன்றாம் நாள் கேரிகேச்சர் (முகத்தை வேடிக்கையாக மிகைப்படுத்தும் படம்) வரைவதில் கைதேர்ந்த ஓவியர் ஒருவர் வந்தார். ஒவ்வொரு குழந்தையையும் எதிரில் உட்கார வைத்து, நான்கே நிமிடத்தில் வரைந்து, கையெழுத்திட்டுக் கொடுத்தார். வியக்கத்தக்க வேகம் அது. நானும் வாய்பிளந்துதான் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்குப் போய்க் கணக்குப் போட்டபோதுதான் உறைத்தது. 24 பேருக்கு 96 நிமிடம். ஒவ்வொரு குழந்தைக்கும் அதில் நான்கு நிமிடம் அசையாமல் உட்காரும் வேலை, மீதி 92 நிமிடம் வரிசையில் நிற்கும் வேலை. கார்ட்டூன் கற்றுக்கொள்ள வந்த இத்தனை பேர் நிறைந்த அறையில் அன்று படம் வரைந்தவர் ஒரே ஒருவர்.

அதோடு போகவில்லை. ஒரு சிறுவனுக்குச் சற்றுப் பெரிய காதுகள். ஓவியர் அவற்றை இரண்டு முறங்களாக ஆக்கிவிட்டார். மிகைப்படுத்துவது கேரிகேச்சரின் இலக்கணம் என்பதால் அவரைக் குறை சொல்ல முடியாது. பொதுவாழ்வில் இருக்கும் பெரியவர் ஒருவரின் மூக்கை நீட்டுவதற்கு ஓர் அர்த்தம் இருக்கிறது, அவருக்கும் அதைத் தாங்கும் தோல் இருக்கிறது. பத்து வயதுப் பையனுக்கு இரண்டும் இல்லை. முகாம் முடியும்வரை மற்றவர்கள் அவனை எந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்பதை நான் எழுத வேண்டியதில்லை. கையெழுத்திட்ட அந்தப் படத்தை அவன் எட்டாக மடித்துப் பையின் அடியில் வைத்துக்கொண்டான்.

மறுநாள் இன்னொன்றையும் கவனித்தேன். முதல் இரண்டு நாட்களில் ஒரு சோம்பேறிப் பூனையைக் கதாநாயகியாக்கி ஏழு பக்கங்களை மளமளவென்று நிரப்பியிருந்த சிறுமி ஒருத்தி, அன்று காலை முழுவதும் ரப்பரும் கையுமாக இருந்தாள். பூனையின் முதுகுக்கோட்டைப் போடுவதும் அழிப்பதுமாகத் தாள் நைந்து போயிருந்தது. "அவர் போடுறது மாதிரி வரல" என்பது மட்டும்தான் அவள் சொன்ன காரணம். முப்பது ஆண்டுகள் பழகிய கை ஒரே இழுப்பில் போட்ட கோட்டை, பழகிய காலம் கண்ணில் படாமல், முடிவை மட்டும் பார்த்த குழந்தைக்கு வேறு எப்படித் தோன்றியிருக்கும்?

மேடையில் நின்று வேகமாக வரைந்து காட்டுவது பழைய வித்தை. அமெரிக்க ஓவியர் வின்சர் மெக்கே 1906-லிருந்து கேளிக்கை அரங்குகளில் கரும்பலகையும் சாக்கட்டியுமாக அதைச் செய்து கூட்டம் சேர்த்தார். 1914-இல் அதையும் தாண்டி, தாம் வரைந்து அசைய வைத்த ஒரு டைனோசரைத் திரையில் ஓடவிட்டு, பக்கத்தில் நின்று அதற்குக் கட்டளையிட்டார். நல்ல வேடிக்கைதான், ஆனால் பார்க்க வந்தவர்கள் சீட்டு வாங்கிய பார்வையாளர்கள். முகாமுக்கு வரும் குழந்தை அந்த இருக்கையில் உட்கார வரவில்லை. விருந்தினருக்கு மேடை போட்டு, எதிரில் குழந்தைகளைத் தரையில் உட்கார வைக்கும்போதெல்லாம் நாம் முகாமை ஒன்றரை மணி நேரம் மூடிவைத்து அங்கே ஓர் அரங்கத்தைத் திறக்கிறோம்.

அடுத்த ஆண்டு ஏற்பாட்டில் என் கருத்துக்கும் இடம் கிடைத்ததால் வரிசையைத் தலைகீழாக்கிப் பார்த்தோம். வந்த விருந்தினரை நடுவில் ஒரு நாற்காலியில் பத்து நிமிடம் உட்கார வைத்து, குழந்தைகள் எல்லோரும் சுற்றி அமர்ந்து அவரை வரைந்தார்கள். எவ்வளவு வேண்டுமானாலும் மிகைப்படுத்தலாம் என்று அவரே அனுமதி கொடுத்துவிட்டார். பத்தாவது நிமிடத்தில் ஒரே மனிதருக்கு 24 மூக்குகள் கிடைத்தன. சில உருளைக்கிழங்கு போல, சில கத்திரிக்கோல் போல, ஒன்று மட்டும் தாளை விட்டே வெளியே போய் மேசையில் தொடர்ந்தது. எல்லாவற்றையும் சுவரில் ஒட்டி, விருந்தினர் ஒவ்வொன்றின் முன்னும் நின்று, அந்தப் படத்தில் இருப்பவர் என்ன மனநிலையில் இருக்கிறார் என்று மட்டும் சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு. "இவருக்குப் பல்வலி", "இவர் கடன் கேட்க வந்திருக்கிறார்", "இவர் எதையோ மறைக்கிறார்" என்று அவர் சொல்லிக்கொண்டே போனார். நன்றாக இருக்கிறது, நன்றாக இல்லை என்ற பேச்சே எழவில்லை.

இந்தப் பயிற்சிக்குப் பின்னால் ஒரு பள்ளி ஆசிரியரின் யோசனை இருக்கிறது. ஜெனீவாவில் சிறுவர் விடுதிப் பள்ளி நடத்திய ரொடால்ஃப் டோப்ஃபர், தம் தந்தையைப் போல ஓவியராக விரும்பினாலும் பார்வைக் குறைபாட்டால் அதை விட்டவர். 1820-களின் இறுதியிலிருந்து மாணவர்களையும் நண்பர்களையும் மகிழ்விப்பதற்காக அவர் வரைந்த படக்கதைகளால்தான் இன்று காமிக்ஸ் கலையின் முன்னோடியாகக் கருதப்படுகிறார். முகங்களைப் பற்றி 1845-இல் அவர் எழுதிய சிறு நூலின் சாரம் இதுதான்: எவ்வளவு கோணலாக வரைந்தாலும், முகம் என்று ஒன்றை வரைந்துவிட்டால் அதற்கு ஏதோ ஓர் உணர்ச்சி வந்தே தீரும். அந்த உணர்ச்சி எதனால் வந்தது என்று கண்டுபிடித்து, புருவத்தைச் சற்று ஏற்றியும் வாயைச் சற்று இறக்கியும் பார்ப்பதே பயிற்சி. ஒன்பது, பத்து வயதில் "எனக்கு வரைய வராது" என்று திடீரென்று அறிவிக்கும் குழந்தைகளுக்கு இதைவிட நல்ல மருந்தை நான் பார்த்ததில்லை. ஒரு வட்டம், இரண்டு புள்ளி, ஒரு கோடு என்று 20 முகங்களைக் கட்டம் கட்டி வரையச் சொன்னால், பதினைந்தாவது முகத்துக்குள் அந்த அறிவிப்பை அவர்களே மறந்துவிடுகிறார்கள்.

நான் பார்த்தவர்களுள் மிகச் சிறந்த விருந்தினர் யார் என்று கேட்டால், பத்திரிகைகளுக்கு நெடுங்காலம் வரைந்து ஓய்வுபெற்ற ஒருவரைச் சொல்வேன். அச்சான படம் ஒன்றுகூட அவர் கொண்டுவரவில்லை. ஒரு அட்டைப்பெட்டி நிறைய, ஆசிரியர்கள் திருப்பியனுப்பிய படங்களையும் பாதியில் கைவிட்ட வரைவுகளையும் கொண்டுவந்து மேசையில் கவிழ்த்தார். குழந்தைகள் அவற்றைக் கிளறிக் கிளறிப் பார்த்தார்கள். ஒரு குதிரையை அவர் ஒன்பது முறை வரைந்திருந்தார், ஒன்பதிலும் பின்னங்கால்கள் தப்பு. "இப்போதும் வராது" என்று சொல்லி, அங்கேயே பத்தாவது முறை வரைந்து, அதையும் கோட்டைவிட்டார். குழந்தைகள் சிரித்த சிரிப்பில் ஏளனம் இல்லை, விடுதலை இருந்தது என்று எனக்குத் தோன்றியது. பிறகு அவர் கார்ட்டூன் ஓவியர் ஆர்.கே. லக்ஷ்மணைப் பற்றிச் சொன்னார். சிறுவயதில் காகங்களை விடாமல் வரைந்துகொண்டிருந்தவர், பம்பாயின் ஜே.ஜே. ஓவியப் பள்ளியில் சேர விண்ணப்பித்தபோது போதிய திறமை இல்லை என்று மறுக்கப்பட்டவர், 1951-இலிருந்து ஒரு சாமானிய மனிதரை நாளேட்டில் தொடர்ந்து உலவவிட்டவர் என்று, கதை போலச் சொன்னார். உடனே யாரும் கேட்காமலே ஏழெட்டுத் தாள்களில் காகங்கள் வந்து உட்கார்ந்தன.

அதே மனிதர், 'பீனட்ஸ்' என்ற படத்தொடரை வரைந்த அமெரிக்க ஓவியர் சார்லஸ் ஷுல்ஸின் இளமைக்காலக் கட்டமொன்றையும் முதுமைக்காலக் கட்டமொன்றையும் அடுத்தடுத்து வைத்துக் காட்டினார். 1950-லிருந்து 2000 வரை உதவியாளர் எவரும் இல்லாமல் 17,897 படத்துணுக்குகளை வரைந்தவரின் கோடு, கை நடுக்கம் வந்தபின் அலைபோல நெளிகிறது. நெளிந்த கோட்டிலும் அந்தத் தொடரின் நாயகனான சிறுவன் சார்லி பிரவுனின் சோகம் அப்படியே இருக்கிறது என்பதைக் குழந்தைகளே கண்டுபிடித்துச் சொன்னார்கள். நேர்கோடு வரவில்லை என்று அளவுகோலைத் தேடிக்கொண்டிருந்த ஒரு பையன் அதன்பின் அதைத் தேடவில்லை.

விருந்தினர் எந்த நாளில் வர வேண்டும் என்பதிலும் எனக்குப் பிடிவாதம் உண்டு. முதல் நாள் வரவே கூடாது. குழந்தைக்குத் தன் பாத்திரம், தன் கோடு என்று ஒன்று பிறப்பதற்கு முன்பே பெரியவரின் பாணி வந்து உட்கார்ந்துவிட்டால், மிச்ச நாட்களில் நகல்தான் வரும். ஐந்து நாள் முகாம் என்றால் மூன்றாம் நாள் மதியத்துக்குப் பிறகு சரியாக இருக்கும். அதற்குள் அவர்கள் ஒரு பாத்திரத்தை உருவாக்கி, நான்கு கட்டங்களில் ஒரு சிறு நிகழ்ச்சியைச் சொல்லி, எங்காவது மாட்டிக்கொண்டும் இருப்பார்கள். மாட்டிக்கொண்டவரிடம்தான் உண்மையான கேள்வி இருக்கும். முதல் நாளில் கேட்டால் "எத்தனை விருது வாங்கினீர்கள்?" என்றுதான் கேட்பார்கள். மூன்றாம் நாளில் "ஒரே கட்டத்தில் இரண்டு பேர் பேசினால் யாருடைய பேச்சுக்குமிழியை மேலே போடுவது?" என்று கேட்கிறார்கள். (முதலில் பேசுபவருடையதை மேலே, இடப்பக்கமாக. தமிழை இடமிருந்து வலமாகப் படிக்கிறோம் அல்லவா?)

விருந்தினரையும் சேர்த்துக்கொள்ளும் விளையாட்டுகளில் எனக்கு மிகவும் பிடித்தது சங்கிலிக் கதை. எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து, ஆளுக்கொரு தாளில் முதல் கட்டத்தை வரைந்து, மூன்று நிமிடத்தில் இடப்பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்துவிட வேண்டும். விருந்தினரும் அந்த வட்டத்தில் ஒருவர். ஒன்பது வயதுக் குழந்தை அனுப்பிய, பறக்கும் மேசையின் மேல் அழுதுகொண்டிருக்கும் முதலையை என்ன செய்வது என்று தெரியாமல் அவர் பேனாவைக் கடித்துக்கொண்டிருக்கும் காட்சியைப் பார்க்க வேண்டும். 1925 வாக்கில் பாரிஸில் சர்ரியலிசக் கலைஞர்கள், தாளை மடித்து ஒருவர் தலையும் ஒருவர் உடலும் ஒருவர் காலுமாக வரைந்து விளையாடியதற்கு இது உறவுமுறை. அதையும் ஆடலாம், அரைமணி நேரத்துக்கு மேல் தாங்காது.

அனிமேஷன் துறையினர் வந்தால் கணினித் திரையைக் காட்டிவிட்டுப் போவது வழக்கமாகிவிட்டது. அவர்களிடம் நான் கேட்பது ஒரு சிறு தாள்கட்டும் பென்சிலும்தான். திரைப்படத்தில் நொடிக்கு 24 சட்டகங்கள் (ஃப்ரேம்கள்) ஓடுகின்றன. ஒரே படத்தை இரண்டு சட்டகங்களுக்கு நிறுத்தினால் நொடிக்கு 12 படங்கள் போதும். ஐந்து நொடி பந்து குதிக்க 60 படங்கள் வேண்டும் என்று குழந்தைகளே பெருக்கிப் பார்த்து, மலைத்து, ஆறு பேர் குழுவாக ஆளுக்குப் பத்தாகப் பங்கு பிரித்துக்கொள்வார்கள். அந்தப் படங்களை வரிசையாகக் கட்டி விரலால் வேகமாகப் புரட்டினால் பந்து குதிக்கும். இந்தப் புரட்டுப் புத்தகத்துக்கு 1868-லேயே இங்கிலாந்தில் ஜான் பார்ன்ஸ் லின்னெட் காப்புரிமை வாங்கியிருக்கிறார். அதற்கு மின்சாரம் தேவையில்லை என்பது கோடை முகாமில் சிறிய வசதி அல்ல.

விருந்தினர் எல்லோரும் ஓவியர்களாகவே இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? சைகைமொழி ஆசிரியர் ஒருவரை அழைக்கச் சொல்லி நான் கேட்டபோது அமைப்பாளர் என்னை விநோதமாகப் பார்த்தார். சைகைமொழியில் புருவமும் வாயும் தோளும் வெறும் அலங்காரம் அல்ல. வாக்கியம் கேள்வியா, மறுப்பா என்பதையே முகம்தான் பல இடங்களில் தீர்மானிக்கிறது. அவர் பேசாமலேயே ஒரு சண்டையைச் சொல்லி முடித்த பிறகு, பேச்சுக்குமிழியே இல்லாத ஒரு பக்கக் கதை வரையச் சொன்னோம். அதுவரை தலைகளை மட்டும் வரிசையாக வரைந்து வசனத்தால் நிரப்பிக்கொண்டிருந்தவர்கள், முதன்முறையாகக் கைகளை வரைந்தார்கள். மேடையில் மௌன நாடகம் நடிப்பவர் வந்தாலும் இதே பலன் கிடைக்கும் என்று நினைக்கிறேன்.

பெரிய பெயர் இல்லையென்றால் சுவரொட்டி எடுபடாது, பெற்றோர் பணம் கட்ட மாட்டார்கள் என்று அமைப்பாளர்கள் சொல்வதை நான் பொய் என்று சொல்ல மாட்டேன். முகாமை நடத்துவதற்கு இடமும் தாளும் ஆளும் வேண்டும், அவர்களுடைய கவலை நியாயமானது. பெரிய பெயரையே அழையுங்கள். ஆனால் அழைக்கும்போதே இரண்டு விஷயங்களைச் சொல்லிவிடுங்கள்: குழந்தைகளை அவர் வரையக் கூடாது, பேச்சு பதினைந்து நிமிடத்தைத் தாண்டக் கூடாது. மீதி நேரம் மேசையில் ஓர் இடம் அவருக்காக ஒதுக்கியிருக்கும் என்றும் சொல்லுங்கள். நான் பார்த்தவரை, உண்மையிலேயே பெரியவர்கள் இதற்குச் சட்டென்று சம்மதிக்கிறார்கள். தயங்குபவர்களை வற்புறுத்த வேண்டாம்.

சென்ற முகாமின் கடைசிச் செயல்பாடு, ஒரு ஏ4 தாளை மூன்று முறை மடித்து, நடுவில் ஒரே ஒரு வெட்டு வெட்டி, எட்டுப் பக்கப் புத்தகமாக்குவது. தாளை விரித்தால் மேல்வரிசைப் பக்கங்கள் நான்கும் தலைகீழாக இருக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் முதலில் குழப்பும். அன்று வந்திருந்த விருந்தினரும் எட்டுப் பக்கக் கதையொன்றை வரைந்து மடித்தார். பாதிக் கதையில் அவருடைய நாயகன் தலைகீழாகத் தொங்கினான். பக்கத்தில் இருந்த சிறுமி அந்தத் தாளை வாங்கி, எங்கே தவறினார் என்று விரலால் தொட்டுக் காட்டி, புதுத்தாள் ஒன்றை மடித்து, வெட்டி, பக்க எண்களையும் சின்னதாக எழுதிக் கொடுத்தாள். அவர் மறுபடியும் முதல் பக்கத்திலிருந்து வரையத் தொடங்கினார்.