சஸ்பென்ஸ் வேறு, அதிர்ச்சி வேறு

முடிவைக் கடைசி வரிவரை மறைத்தால்தான் சஸ்பென்ஸ் என்று இங்கே பலர் பகிர்கிறார்கள். ஒரு திருத்தம்: மறைத்தால் கிடைப்பது அதிர்ச்சி, அது ஒரு நொடிதான். சஸ்பென்ஸுக்கு வாசகர் கையில் தகவல் இருக்க வேண்டும்.

பிரிட்டிஷ் எழுத்தாளர் ரோல்ட் டாலின் ‘லாம்ப் டு த ஸ்லாட்டர்’ (1953) சிறுகதையைப் பாருங்கள். உறைந்த ஆட்டுத்தொடையால் மனைவி கணவனை அடித்துக் கொல்வது முதல் பாதியிலேயே நம் கண்முன் நடந்துவிடுகிறது. ஆயுதத்தைத் தேடி வந்த போலீஸ்காரர்கள், ஓவனில் வெந்த அதே தொடையைத்தான் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். சாதாரண இரவுச் சாப்பாடு போலத் தெரிவது என்னவென்று அந்த மனைவிக்கும் நமக்கும் மட்டும்தான் தெரியும். பதைப்பே அதில்தான்!

கொலை எந்தப் பக்கத்தில் வருகிறது, அதன்பின் எத்தனை பக்கம் மிச்சம் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். மறுமுறை படித்தாலும் அந்தப் பக்கங்களில் பதற்றம் விடாது.