அரைச் சட்டி சுண்ணாம்பு

(போடிக்கு மேற்கே குரங்கணி. டீக்கடைக்கு எதிரே, கழுத்திலும் தோளிலும் சுண்ணாம்பு வரிகளோடு ஒரு கழுதை நிற்கிறது. பொதி ஏற்றும் மாமா எங்கோ பார்த்தபடி பீடி பற்றவைக்கிறார். ஜீப் ஓட்டும் மாப்பிள்ளை வருகிறார்.)

மாப்பிள்ளை: என்ன மாமா, கழுதைக்குப் பட்டை போட்டிருக்கிறீர்கள்? சிவராத்திரி முடிந்துவிட்டதே.

மாமா: கழுதை என்று சத்தமாகச் சொல்லாதே. அது வரிக்குதிரை. மலைமேல், மூணாறு பக்கத்து டாப் ஸ்டேஷனிலிருந்து ஆட்கள் இறங்குகிற நேரம். பக்கத்தில் நின்று படம் எடுக்க 50 ரூபாய்.

மாப்பிள்ளை: ஈத் தொல்லைக்குப் பூசுகிறேன் என்று அத்தையிடம் சுண்ணாம்பு வாங்கினீர்களாமே?

மாமா: அதுவும் நிஜம்தான். ஜப்பானில் மாட்டுக்கு வரி வரைந்தார்களாம், மொய்க்கிற ஈ பாதியாகக் குறைந்ததாம். பயல் செல்போனில் காட்டினான்.

மாப்பிள்ளை: அது தெரியும். அதற்கு 2025இல் இக் நோபல் கூடக் கொடுத்தார்கள். முதலில் சிரிக்கவைத்து அப்புறம் யோசிக்கவைக்கிற ஆராய்ச்சிக்குத் தருகிற பரிசு. வரிக்குதிரை பக்கத்தில் வரும்போது ஈக்கு வேகத்தைக் குறைத்து உட்காரத் தெரிவதில்லை, மோதிவிட்டுப் போய்விடுகிறது. ஆனால் ஜப்பானில் பூசியது கறுப்பு மாட்டுக்கு. உங்களுடையது சாம்பல் நிறம். ஈ ஏமாறாது.

மாமா: ஈ ஏமாறாவிட்டால் போகட்டும். மூணாறு ஆள் ஏமாந்தால் போதும்.

மாப்பிள்ளை: காதைப் பார்த்தால் ஏமாறுவார்களா? முழ நீளம்!

மாமா: ஏன், நீளக் காது வரிக்குதிரை உலகத்திலேயே கிடையாதா?

மாப்பிள்ளை: (சற்று யோசித்து) இருக்கிறது. வரிக்குதிரையில் மூன்று இனம். சமவெளி ஒன்று, மலை ஒன்று, மூன்றாவது கிரேவி. கிரேவிக்குக் காது பெரிதுதான்.

மாமா: பரோட்டாவுக்கு ஊற்றுவதா?

மாப்பிள்ளை: அந்தக் காலத்துப் பிரான்ஸ் ஜனாதிபதி ஒருவரின் பெயர் மாமா! அபிசீனியா, அதாவது எத்தியோப்பியா ராஜா அவருக்கு ஒன்றை அனுப்பிவைத்தார். இப்போது கென்யாவிலும் எத்தியோப்பியாவிலும்தான் மிச்சம். மற்ற இரண்டும் ஓர் ஆண், சில பெண்கள், குட்டிகள் என்று குடும்பமாகத் திரியும். கிரேவி ஆண், காட்டுக் கழுதை மாதிரி தனக்கென்று ஓர் எல்லை பிடித்துக்கொண்டு நிற்கும்.

மாமா: அப்புறமென்ன, இதுவும் எல்லையில்தானே நிற்கிறது? அந்த மலையைத் தாண்டினால் கேரளா.

மாப்பிள்ளை: கிரேவிக்குப் பின்பக்கமும் வரி உண்டு. இதற்குத் தோளோடு நின்றுவிட்டதே?

மாமா: அரைச் சட்டி சுண்ணாம்புதான் தேறியது. வீட்டுத் திண்ணைக்கு மீதி வேண்டும் என்று உன் அத்தை பிடுங்கிக்கொண்டாள்.

மாப்பிள்ளை: முன்னால் வரி, பின்னால் வெறும் உடம்பு... மாமா, இது குவாக்கா! தென்னாப்பிரிக்காவில் இருந்தது, சமவெளி இனத்தின் ஒரு கிளை. அது கத்துகிற சத்தத்தையே பெயராக வைத்தார்கள். சகட்டுமேனிக்குச் சுட்டுத் தீர்த்துவிட்டார்கள். கடைசி ஒன்று 1883இல் ஆம்ஸ்டர்டாமில் கூண்டுக்குள் செத்தது.

மாமா: (பீடியை அணைத்துவிட்டு எழுந்து) இப்போது உலகத்தில் எங்கேயுமே இல்லையா?

மாப்பிள்ளை: இல்லை.

மாமா: அப்படியானால் 200 ரூபாய்.

மாப்பிள்ளை: சரி, மேலே போகவேண்டிய அரிசி மூட்டை? வரிக்குதிரை எங்கேயாவது பொதி சுமக்குமா? கயிறு வீசினால் தலையைக் குனிந்து தப்பிக்கிற ஜாதி அது. உதைத்தால் சிங்கத்தின் தாடையே பெயரும். இங்கிலாந்தில் ரோத்ஸ்சைல்டு என்று ஒரு சீமான் வண்டியில் பூட்டி பக்கிங்காம் அரண்மனைக்கே ஓட்டினார். அதைப் பார்த்து யாரும் குதிரையை விற்றுவிட்டு வரிக்குதிரை வாங்கவில்லை.

மாமா: (முழங்காலைத் தடவியபடி) உதையைப் பற்றி எனக்குச் சொல்கிறாயா? சுண்ணாம்பு பூசியது யார் என்று நினைக்கிறாய்?

(பாதையில் இரண்டு மலையாளிகள் இறங்கி வருகிறார்கள். அந்த நேரம் பார்த்து அழிந்துபோன இனம் வாயைத் திறந்து, ஊரே கேட்கக் கனைக்கிறது.)

மலையாளி: சேட்டா, இது கழுதயல்லே?

மாப்பிள்ளை: போச்சு மாமா. "கழுதைதானே?" என்று கேட்கிறார்.

(மாமாவுக்கு மலையாளம் நன்றாகத் தெரியும். வேண்டாத நேரத்தில் தெரியாது.)

மாமா: ஆமாம் சார், கழுதை அல்ல! 200 ரூபாய்.