டிஸ்சார்ஜ் சீட்டை வாங்குவது மகன்; ராத்திரி புரட்டிப் படுக்க வைப்பது மருமகள்

பக்கவாதம் வந்து படுத்தவரை வீட்டுக்கு அனுப்பும் நாளில் வார்டு எப்படி இருக்கும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒருவர் பில் கட்ட ஓடுவார், ஒருவர் மாத்திரை வாங்குவார், இன்னொருவர் ஆம்புலன்ஸ்காரரிடம் பேரம் பேசுவார். நடுவில் நர்ஸ் வந்து, "ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா திருப்பிப் போடுங்க, டியூப்ல கஞ்சி குடுங்க, யூரின் பேக் நிரம்பினா காலி பண்ணுங்க" என்று மூச்சுவிடாமல் சொல்லிவிட்டுப் போவார். தலையாட்டுவது மகன். இதையெல்லாம் செய்யப்போகிற மனைவியோ மருமகளோ அந்த நேரத்தில் வீட்டில் கட்டில் போட இடம் ஒழித்துக்கொண்டிருப்பார்.

என் கட்சி இதுதான்: பராமரிக்கப்போகிற கைக்குச் சொல்லிக்கொடுப்பதும் சிகிச்சையில் சேர்ந்ததே. அதற்கு நேரம் ஒதுக்காத மருத்துவமனை வேலையைப் பாதியில் விட்டுவிட்டு, மீதியை 108 வண்டியின் தலையில் கட்டுகிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். வாரத்துக்கு 168 மணி நேரம். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் வழியாக இன்று வீட்டுக்கே செவிலியரும் பிசியோதெரபிஸ்ட்டும் வருகிறார்கள். நல்ல திட்டம், குறை சொல்லவில்லை. ஆனால் வாரத்துக்கு ஒருநாள் ஒரு மணி நேரம் ஒருவர் வந்தாலும் மீதி 167 மணி நேரம் வீட்டார் பொறுப்பு. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டுவதென்றால் வாரத்தில் 84 தடவை. வந்தவர் அந்த ஒரு மணியில் புண்ணுக்குக் கட்டுப் போட்டுவிட்டுப் போனால் அது ஒரு கட்டு. புண் வராமல் பார்க்கக் கற்றுக்கொடுத்தால் 84 தடவையும் சரியாக நடக்கும்.

படுக்கைப் புண்ணையே எடுத்துக்கொள்வோம். 'திருப்பிப் போடுங்க' என்பது பாதிச் சொல். முழுக்க ஒருக்களித்துப் படுக்க வைத்தால் பாரமெல்லாம் இடுப்பின் பக்கவாட்டு எலும்பில் இறங்கும். முதுகுக்குப் பின்னால் தலையணையை அணைகொடுத்து, சுமார் 30 டிகிரி சாய்வில் நிறுத்த வேண்டும். குதிகால் மெத்தையைத் தொடவே கூடாது. கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை கொடுத்தால் குதிகால் அந்தரத்தில் நிற்கும். ஆளை மேலே ஏற்றும்போது அக்குளில் கைகொடுத்து இழுக்கிறார்கள். தோல் மெத்தையோடு ஒட்டி நிற்க, உள்ளே எலும்பு மட்டும் நகர்கிறது. இடையில் இருக்கும் சதை கிழிபடுகிறது. வேட்டியை நாலாக மடித்து முதுகிலிருந்து தொடை வரை அடியில் போட்டு, இரண்டு பேர் இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கி நகர்த்தினால் இந்தத் தொல்லை இல்லை.

சிவந்த இடத்தை எண்ணெய் போட்டுத் தேய்ப்பது இன்னொரு தப்பு. தேய்க்கக் கூடாது, விரலால் அழுத்தி எடுக்க வேண்டும். வெளுத்துவிட்டுத் திரும்பச் சிவந்தால் பிழைத்தோம். வெளுக்காமல் அப்படியே இருந்தால் உள்ளே புண் தொடங்கிவிட்டது. நம் மாநிறத் தோலில் சிவப்பு எளிதில் தெரியாது; சுற்றிலும் உள்ள தோலைவிட அந்த இடம் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று புறங்கையால் பார்க்க வேண்டும். நடுவில் ஓட்டை வைத்த காற்று வளையம் விற்கிறார்கள், வாங்காதீர்கள். ஓட்டையைச் சுற்றியுள்ள சதையை அது நெருக்கி ரத்தம் போகவிடாமல் செய்யும். ஏர் பெட் உதவும். ஆனால் அதன் மேல் ரப்பர் ஷீட், அதன் மேல் ஜமுக்காளம், அதன் மேல் மடித்த போர்வை என்று அடுக்கினால் ஏர் பெட்டுக்குக் கொடுத்த காசு வீண். ஏர் பெட் போட்டாலும் புரட்டுவதை நிறுத்த முடியாது.

அடுத்தது மூக்குக் குழாய். ரைல்ஸ் டியூப் மூக்கை விட்டு வெளிவரும் இடத்தில் முதல் நாளே பேனாவால் ஒரு கோடு. ஒவ்வொரு முறையும் முதலில் பார்ப்பது அந்தக் கோட்டை. நகர்ந்திருந்தால் சொட்டுக்கூட ஊற்றக் கூடாது, நர்ஸைக் கூப்பிட வேண்டும். கோடு சரி என்றால் தலைப்பக்கத்தை 30 முதல் 45 டிகிரி உயர்த்தி, 30 மில்லி தண்ணீர் விட்டு, பிறகு 200 முதல் 250 மில்லி வடிகட்டிய உணவு. சிரிஞ்சின் தண்டைக் கழற்றிவிட்டு, குழலைத் தூக்கிப் பிடித்துத் தானாக இறங்கவிட வேண்டும். பதினைந்து இருபது நிமிடம் ஆகும். அந்தப் பொறுமை இல்லாமல் தண்டை வைத்து அழுத்துவதும், முடிந்த உடனே படுக்க வைப்பதும்தான் வினை. உணவு மேலேறி மூச்சுக்குழலுக்குள் போய் நிமோனியா ஆகிறது. முடிந்த பின்னும் 30 மில்லி தண்ணீர், அதன் பிறகு முக்கால் மணி நேரமாவது சாய்ந்தபடியே இருக்கட்டும். நடுவில் இருமல் வந்தால் அந்த நொடியே நிறுத்தம். கேழ்வரகுக் கஞ்சி ஆறினால் கெட்டியாகிக் குழாயை அடைக்கும். மாத்திரைத் தூளைக் கஞ்சியில் கலந்தாலும் அதே கதி.

யூரின் பேக் எப்போதும் மூத்திரப்பைக்குக் கீழே தொங்க வேண்டும், தரையிலும் படக் கூடாது. வீல்சேரில் உட்கார வைக்கும் அவசரத்தில் பேக்கை நோயாளியின் வயிற்றின் மேல் வைத்துத் தூக்குகிறார்கள். பழைய மூத்திரம் அப்படியே உள்ளே திரும்புகிறது. காய்ச்சல் வர அது போதும். இன்னொன்று, பக்கவாதத்தில் விழுந்த கையைப் பிடித்து ஆளை எழுப்பக் கூடாது. தோள்மூட்டு நழுவிவிடும், அதன் வலி மாதக்கணக்கில் போகாது.

இவற்றில் எதற்கும் பட்டப்படிப்பு தேவையில்லை. ஒவ்வொன்றையும் கோட்டைவிட்டால் என்ன ஆகிறது என்று பாருங்கள்: ஒரு ஆம்புலன்ஸ், ஒரு ஐசியூ படுக்கை, வேலைக்குப் போகாத இரண்டு பேரின் கூலி, அடகுக்குப் போன நகை, படிப்பைப் பாதியில் நிறுத்தி வீட்டில் உட்காரும் ஒரு பெண். அரசுக் காப்பீடு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை கொடுக்கிறது. தடுத்திருக்கக்கூடிய புண்ணுக்கும் நிமோனியாவுக்கும் அந்தப் பணம் போவதுதான் வயிற்றெரிச்சல்.

பயிற்சி கொடுத்தால் நோயே சரியாகிவிடும் என்று பேசுகிறவர்களோடும் எனக்கு ஒப்புதல் இல்லை. லண்டனில் 300 நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வு 2004இல் வந்தது. வீட்டாருக்குப் பயிற்சி கொடுத்ததில் செலவும் அவர்களின் சுமையும் குறைந்தன. ஆனால் 2013இல் பிரிட்டனில் 36 பக்கவாதப் பிரிவுகளில் பெரிய அளவில் செய்தபோது வித்தியாசம் தெரியவில்லை. 2017இல் இந்தியாவிலேயே 14 மருத்துவமனைகள், 1250 நோயாளிகள்: குடும்பத்தினரைக் கொண்டு மறுவாழ்வுப் பயிற்சி செய்ய வைத்துப் பார்த்தார்கள், ஆறு மாதத்தில் இறப்போ பிறரைச் சார்ந்திருப்பதோ குறையவில்லை. இதைக் காட்டி 'பயிற்சி வீண்' என்பவர்கள் கேள்வியை மாற்றுகிறார்கள். விழுந்த கையை எழுப்பும் வேலையை வீட்டார் மேல் சுமத்த முடியாது, அதற்குத் தெரபிஸ்ட் வேண்டும். வீட்டாரால் முடிவது புண், புரையேற்றம், நோய்த்தொற்று, கீழே விழுவது ஆகியவற்றைத் தடுப்பது. அதையும் தனியாளாகச் செய்ய முடியாது.

இங்கேதான் கேரளத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது. படுத்த படுக்கையானவர்களை ஊராரே வீடு தேடிப் போய்ப் பார்த்துக்கொள்ள மலப்புரத்தில் வேரூன்றிய அக்கம்பக்க வலைப்பின்னலில், வாரத்துக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்கக்கூடிய யாரும் சேரலாம். 16 மணி நேர வகுப்பு, பிறகு நான்கு நாள் அனுபவமுள்ளவர்களோடு நோயாளிகளின் வீட்டுக்கு. 2008இல் மாநில அரசே அதைக் கொள்கையாக்கி, உள்ளாட்சிகளின் கையில் கொடுத்தது. பக்கத்துத் தெருவில் வேட்டியை மடித்துத் தூக்கத் தெரிந்த இன்னொருவர் இருந்தால் மருமகள் ஒரு கல்யாணத்துக்குப் போய்வரலாம். இது சின்ன விஷயமில்லை. ஓய்வே இல்லாத கைதான் ராத்திரி இரண்டு மணிக்குப் புரட்டாமல் தூங்கிவிடுகிறது. அவரைக் குற்றம் சொல்ல யாருக்கும் அருகதை இல்லை.

காசு கொடுத்து ஆள் வைப்பவர்கள் விளம்பரத்தில் 'ஹோம் நர்ஸ்' என்று இருப்பதை நம்பிவிடுகிறார்கள். வருகிறவர் பெரும்பாலும் நர்ஸ் அல்ல, கிராமத்திலிருந்து வேலைக்கு வந்த பெண். ஜப்பானில் இந்த வேலையின் தொடக்கநிலைப் படிப்பே 130 மணி நேரம். முதல் நாளே ஏஜென்சியிடம் கேளுங்கள்: டியூபில் உணவு கொடுத்துப் பழக்கமா, யார் சொல்லிக்கொடுத்தார்கள், அவருக்கு வார விடுப்பு உண்டா. மூன்றாவது கேள்விக்கு ஏஜென்சிக்காரர் மழுப்பினால் வேறு இடம் பாருங்கள்.

மருத்துவமனைகளுக்குச் சொல்வது: டிஸ்சார்ஜுக்கு மூன்று நாள் முன்பே "ராத்திரி யார் பக்கத்தில் படுப்பார்?" என்று கேட்டு, அந்த ஆளையும் மாற்றுக்கு இன்னொருவரையும் வரவழையுங்கள். முதல் நாள் நர்ஸ் செய்து காட்டட்டும், இரண்டாம் நாள் கூட நின்று செய்ய வைக்கட்டும், மூன்றாம் நாள் நர்ஸ் கைகட்டி நிற்க அவர்களே செய்யட்டும். "புரிஞ்சுதா?" என்று கேட்டால் எல்லோரும் "புரிஞ்சுது" என்றுதான் சொல்வார்கள். வீட்டுக்குப் போன மூன்றாம் நாளும் பத்தாம் நாளும் ஒரு போன். அதிலும் "புண் இருக்கா?" என்று கேட்காதீர்கள், இல்லை என்றுதான் பதில் வரும். "போனை வைக்காம, இடுப்பெலும்பு துருத்துற இடத்துல கை வச்சுப் பாத்துச் சொல்லுங்கம்மா, சூடா இருக்கா?" என்று கேளுங்கள்.