சவுத் டகோட்டாவில் யாருக்கு உத்தரவு போட்டார்கள்?

அமெரிக்க மாநிலமான சவுத் டகோட்டாவை கொரோனா என்ன செய்தது என்று யாராவது கேட்டால், சூ ஃபால்ஸ் நகரத்தில் இருக்கும் ஸ்மித்ஃபீல்டு பன்றி இறைச்சி ஆலையிலிருந்துதான் நான் தொடங்குவேன். 2020-இல் ஒன்பது லட்சம் பேர்கூட இல்லாத மாநிலம் அது. ஆலையில் மட்டும் அப்போது சுமார் 3,700 பேர். நேபாளி, ஸ்வாஹிலி, அம்ஹாரிக், ஸ்பானிஷ் என்று உள்ளே நாற்பது மொழி பேசினார்கள். பிழைப்புக்காகவும் உயிருக்குப் பயந்தும் வந்து சேர்ந்தவர்கள் நிறைய. தோளோடு தோள் உரச நின்று கறி வெட்டுகிற வேலை. அதில் ஆறடி தள்ளி நிற்பது எப்படி?

2020 மார்ச் கடைசியில் முதல் தொற்று. காய்ச்சலோடு வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள் கையில் கொடுத்த விளக்கத்தாள் ஆங்கிலத்தில் மட்டுமே இருந்தது. இதை நினைத்தால் இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது. ஏப்ரல் முழுக்க வேலைக்கு வந்தால் 500 டாலர் போனஸ் என்று வேறு அறிவித்தார்கள். தொற்று வந்தவர்களுக்கும் அது உண்டு என்று நிறுவனம் விளக்கம் சொன்னது. இருக்கட்டும். சம்பளத்தை நம்பி வாடகை கட்டுகிற மனுஷி, உடம்பு லேசாகச் சுட்டால் என்ன முடிவெடுப்பாள்?

ஏப்ரல் நடுவில் ஆலையை மூடினார்கள். அந்த வசந்த காலத்தில் மட்டும் 1,294 ஊழியர்களுக்குத் தொற்று, நான்கு பேர் சாவு. ஊழியர்களைத் தொற்றிலிருந்து காக்கத் தவறியதற்குத் தொழிலாளர் பாதுகாப்புத் துறை செப்டம்பரில் விதித்த அபராதம் 13,494 டாலர். தலைக்குப் பத்து டாலர் சொச்சம். அந்த விதிமீறலுக்குச் சட்டத்தில் இருந்த உச்சவரம்பே அவ்வளவுதானாம். அப்படியென்றால் சட்டத்தைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

அப்போதைய ஆளுநர் கிறிஸ்டி நோம் கடைசிவரை மாநிலம் முழுவதையும் வீட்டில் இருக்கச் சொல்லி உத்தரவு போடவில்லை. அவரவர் பொறுப்பு, அவரவர் சுதந்திரம் என்றார். ஆகஸ்டில் ஸ்டர்ஜிஸ் மோட்டார்சைக்கிள் விழாவுக்கு நாலு லட்சத்துக்கும் மேல் கூட்டம் வந்தபோதும் அதே பேச்சு.

ஆனால் மே மாதமே அவர் கறாராகப் பேசிய இடம் ஒன்று உண்டு. செயென் ரிவர், ஓக்லாலா பழங்குடி மக்கள் தங்கள் நிலத்துக்குள் வரும் நெடுஞ்சாலைகளில், கொரோனா உள்ளே வராமல் தடுக்க, சோதனைச்சாவடி போட்டிருந்தார்கள். 48 மணி நேரத்துக்குள் எடுங்கள் என்றார். செயென் ரிவர் மருத்துவமனையில் எட்டே படுக்கை. தீவிர சிகிச்சைக்கு மூன்று மணி நேரம் பயணம் செய்து ராபிட் சிட்டி போக வேண்டும். அவரவர் பொறுப்பு என்பதை அந்த மாநிலத்தில் உண்மையாகவே எடுத்துச் செய்தவர்கள் அவர்கள்தான். சாவடியை எடுக்க மாட்டோம் என்று அவர்கள் சொன்னது நூறு சதவீதம் சரி.